ஒடுகத்தூர்ப் பேருந்தும் என் மூன்று கண்மணிகளும்

வேலூரில் பேருந்து ஏறி, அணைக்கட்டைக் கடந்து மேலும் சென்றால், ஜவ்வாது மலை எழுந்து நின்று வழியை மறிப்பது போன்ற ஓர் இடம் வரும். அதுதான் ஒடுகத்தூர். சிறிய பேரூராட்சி. ஊரை ஒட்டி உத்திரகாவேரி என்னும் ஆறு ஓடுகிறது. 'ஓடுகிறது' என்று எழுதியது மரபு கருதித்தான். மலையில் நல்ல மழை பெய்த நாள்களில் செந்நீராகச் சீறி வந்து பாலாற்றை நாடும். மற்ற மாதங்களில் மணலும் முட்செடியுமே மிச்சம். காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மத்ரஸா ஆசிரியனாக இவ்வூருக்கு வந்த முதல் வாரத்தில், 'இங்கும் ஒரு காவேரி இருக்கிறது' என்று கேள்விப்பட்டு அகமகிழ்ந்து, தோளில் துண்டுடன் குளிக்கப் புறப்பட்டுப் போனேன். சித்திரை வெயிலில் மணலில் கால் சுட்டுக்கொண்டு திரும்பியதுதான் பலன். என் துணைவியார் அந்நிகழ்ச்சியை இன்றளவும் மறக்கவில்லை. தாம் மறவாததோடு, எங்கள் மூன்று பெண்மக்களுக்கும் அதனைப் பாடமாகவே சொல்லிக் கொடுத்துவிட்டார். வீட்டில் நான் ஏதேனும் ஒன்றை உறுதிபடச் சொன்னால், "அத்தா ஆத்துல குளிக்கப் போன மாதிரியா?" என்ற கேள்வி உடனே எழும்.

மூன்று பெண்கள் என்று சொன்னேன் அல்லவா? மூத்தவள் பிறந்தபோது உறவினர் அனைவரும் வாழ்த்தினர். இரண்டாமவள் பிறந்தபோது, "அடுத்தது ஆண்பிள்ளைதான், இன்ஷா அல்லாஹ்" என்று ஆறுதல் கூறினர். மூன்றாமவள் பிறந்தபோது ஒருவரும் ஒன்றும் கூறவில்லை. மய்யித்து வீட்டுக்கு வந்தவர்களைப் போல் என் கையை இறுகப் பற்றிவிட்டு மௌனமாகப் போய் அமர்ந்தனர். நானோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு முதலில் நீட்டுவது என்று தெரியாமல் நின்றேன். மகள் ஃபாத்திமா (ரலி) அவர்கள் வரும்போதெல்லாம் எழுந்து சென்று வரவேற்று, தம் இருக்கையில் அமரச் செய்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்துதான் நாம். ஆயினும் பெண் பிறந்த வீட்டில் நம் முகங்கள் ஏன் இப்படி மாறிவிடுகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. அன்று மாலை சர்க்கரை முழுவதையும் மத்ரஸா மாணவர்களுக்கே கொடுத்தேன். அவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. இன்னும் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

நான்கு பெண்கள் வாழும் வீட்டில் ஓர் ஆணின் நிலைமையை அனுபவித்தவரே அறிவர். முகம் பார்க்கும் கண்ணாடி எனக்கு ஃபஜ்ருக்கு முன்பு மட்டுமே கிடைக்கும். எங்கள் வீட்டுக் குளியலறையில் வரிசை முறை உண்டு. அதில் நான் ஐந்தாவது. தலைப்பாகைத் துணி ஒன்று பல நாள் காணாமற் போய், கடைக்குட்டியின் பொம்மைக்குத் தொட்டிலாகிக் கிடக்கக் கண்டேன். பொம்மை உறங்குவதால் தொட்டிலை அவிழ்க்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. மொழி விஷயமும் அப்படியே. நானும் என் துணைவியாரும் தஞ்சைத் தமிழ் பேசுகிறோம். அண்டை வீடுகளில் உருது. ஆகவே எங்கள் வீட்டில் நான் 'அத்தா', மூத்தவள் 'ஆபா'. சண்டை மட்டும் இருமொழியிலும் நடக்கும். தமிழில் தோற்பவள் உருதுக்குத் தாவிவிடுவாள். எனக்கு வேகமான உருது பிடிபடாது என்பது மூவருக்கும் தெரியும்.

ஒருநாள் இரவு உணவின்போது பொறுமையின் சிறப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசிவிட்டேன். நடுவுள்ளவள் சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து, "அத்தா, இது வீட்டுக்கா, மிம்பருக்கா?" என்றாள். அன்று முதல் என் அறிவுரைகளை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்கிறேன்.

மத்ரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை கூடுவதும் அதே வெள்ளிக்கிழமைதான். விடியற்காலையிலேயே வண்டிகள் வந்து நிற்கும். மலைமேல் உள்ள பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லைப் பக்கங்களிலிருந்து மக்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்குவர். புளியும் தேனும் சீத்தாப்பழமும் அந்தந்தப் பருவத்தில் வந்து சேரும். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால், ஆம்பூர், வேலூர், குடியாத்தம் முதலான ஊர்களிலிருந்து குர்பானி ஆடு வாங்க வருவோரின் கூட்டத்தால் ஊரே நிறைந்துவிடும். ஒரு தலையாட்டலுக்கு ஓராயிரம் ரூபாய் ஏறி இறங்கும் இடம் அது.

2025 ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரத்துச் சந்தைக்கு மகள்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு சென்றேன். 'அழைத்துக்கொண்டு சென்றேன்' என்பதும் மரபு கருதிய சொல்லே. அவர்கள் கிளம்பிவிட்டார்கள், நான் உடன் போனேன். சந்தையில் தெரிந்தவர் சிலர், "என்ன ஹஜ்ரத், பொண்ணுங்களோட வந்திருக்கீங்க?" என்று கேட்டனர். அக்கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் பதிலாக, "ஆடு பார்க்க வந்தோம்" என்றேன்.

குர்பானி ஆட்டுக்கு ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். குருடு, நொண்டி முதலிய குறைகள் இருக்கலாகாது. இச்சட்டங்களை ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பிப்பவன் நான். ஆனால் ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பது கிதாபில் படிப்பது போல் எளிதன்று. நான் ஓர் ஆட்டின் தாடையைப் பிடிக்கப் போய் அது என்னைப் பிடித்துத் தள்ளியது. நடுவுள்ளவள் அதே தாடையைப் பிடித்து, உதட்டை விலக்கி, "ரெண்டு பல்லு போட்டிருக்கு அத்தா" என்றாள். எங்கே கற்றாய் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு நானிம்மாவிடம் கற்றாளாம். பேரத்தையும் அவளே நடத்தினாள். வியாபாரி என்னைப் பார்த்துப் பேசுவார், அவள் பதில் சொல்லுவாள். கடைசியில் அவர், "பாய், அடுத்த வருஷம் பாப்பாவை மட்டும் அனுப்புங்க" என்றோ, "பாப்பாவை மட்டும் அனுப்பாதீங்க" என்றோ சொன்னார். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

(இவ்விடத்தில் தோலைப் பற்றி ஒரு சொல். தோல் தொழிலால் வாழும் இந்த வட்டாரத்தில் குர்பானித் தோல்கள் மத்ரஸாக்களுக்கே வழங்கப்பட்டு வந்தன. ஒரு காலத்தில் அது குறிப்பிடத்தக்க வருவாய். அண்மை ஆண்டுகளில் விலை வீழ்ந்து, சேகரிக்கும் வண்டிச் செலவுக்கே போதாமல் போயிற்று. எங்கள் ஊதியம் ஏன் சிறியது என்று கேட்கும் உறவினருக்கு இதனையே விளக்கமாகச் சொல்கிறேன்.)

ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்றபோது, மலையிலிருந்து வந்த முதிய பெண்மணி ஒருவர் என் மூத்த மகளிடம் பேச்சுக் கொடுத்தார். இரண்டு குட்டிகளை விற்றுவிட்டு மூன்றாவதற்கு விலை படியாமல் அமர்ந்திருந்தவர் அவர். "இன்னா படிக்கிற கண்ணு?" என்றார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருப்பதாகவும், செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புவதாகவும் அவள் சொன்னாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஏனெனில் அந்த விருப்பத்துக்கு நான் ஒரு மாதமாக, 'பார்க்கலாம்' என்னும் ஒற்றைச் சொல்லையே விடையாகச் சொல்லி வந்தேன். அந்த அம்மாள் தம் மருமகளைப் பிரசவத்துக்காகக் கம்பில் டோலி கட்டி மலைப்பாதையில் தூக்கி வந்த கதையைச் சொன்னார். சரியான சாலை இல்லாத நாள்களில் மேலேயுள்ள ஊர்களுக்கு அதுவே வழக்கம். "கீழ வந்து சேர்றதுக்குள்ள பாதி உசுரு போயிடும். இறங்கினதும் ஒரு பொம்பளை கை புடிச்சா, அப்பதான் மீதி உசுரு நிக்கும்" என்றார். பிறகு குட்டியின் கயிற்றை இழுத்துக் காட்டி, "நர்சம்மாவா வா, இவ பேத்தியை உனக்குத் தர்றேன்" என்று சிரித்தார். நான் வேறு பக்கம் திரும்பி ஆட்டின் காதைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

என் தயக்கத்தின் காரணங்களை ஒளிக்காமல் எழுதுகிறேன். வேலூர் வரை நாள்தோறும் பேருந்து, இரவுப் பணி, அந்நிய ஆடவரைத் தொட்டு மருந்திட வேண்டிய வேலை. இவையனைத்துக்கும் மேலாக, 'ஹஜ்ரத் வீட்டுப் பெண்' என்று நாலு பேர் பேசும் பேச்சு. போதாதற்கு உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் நல்ல வரன் ஒன்றைப் பற்றி இரண்டு முறை சொல்லியிருந்தார். பையன் வெளிநாட்டில் வேலையாம். எந்த நாடு என்பது இரண்டு முறையும் வேறு வேறாக இருந்தது.

சந்தையிலிருந்து திரும்பிய அன்று இரவே மூத்தவள் என்னிடம் வந்தாள். அழவில்லை, கோபிக்கவில்லை. "அத்தா, அந்தத் திண்டிவனத்துக் கதையைச் சொல்லுங்க" என்றாள்.

வரலாற்றில் பட்டம் பெற்றவன் ஆகையால், உறங்கும் நேரத்தில் இவர்களுக்கு வரலாற்றுக் கதைகள் சொல்லும் வழக்கம் எனக்கு உண்டு. அவற்றுள் ஒன்று ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை. நம் ராணிப்பேட்டையில் 1870 இல் பிறந்தவர். தந்தை ஜான் ஸ்கடர் மருத்துவர், கிறித்தவ ஊழியர். மகளுக்கோ இந்நாட்டில் தங்கும் எண்ணமே இல்லை. நோயுற்ற தாயைக் காண அமெரிக்காவிலிருந்து வந்தவர், விரைவில் திரும்பிவிடவே நினைத்திருந்தார். 1890 ஐ ஒட்டிய ஓர் இரவில், திண்டிவனத்தில், அவர் வீட்டுக் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. முதலில் ஒரு பிராமணர், அடுத்து ஒரு முஸ்லிம், பின்னர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். மூவரும் ஐடாவை அழைத்தனர். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் வருவார் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை, திரும்பிப் போயினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1899 இல் பட்டம் பெற்று, 1900 இல் வேலூரில் சிறு மருந்தகமாகத் தொடங்கினார். 1918 இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். அங்கு ஆண்களுக்கு இடம் கிடைத்தது 1947 இல்தான். (குளியலறை வரிசையில் நான் ஐந்தாமவனாக நிற்கும்போதெல்லாம் இந்த ஆண்டை நினைத்துத் தேறுவேன்.) இன்று சி.எம்.சி. என்று உலகமே அறியும் மருத்துவமனை அதுதான்.

கதையை நான் சொல்லி முடித்ததும் மூத்தவள் கேட்டாள்: "இரண்டாவதா வந்த அந்த முஸ்லிம் ஆள், கதவைத் தட்டினதுக்கு முன்னாடி அவங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தியைப் படிக்க வெச்சிருந்தார்னா, அவர் எதுக்கு வெள்ளைக்காரங்க வீட்டுக்குப் போகணும்?"

நூறு முறை அக்கதையைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஐடாவைப் பற்றித்தான் வியந்திருக்கிறேன். அந்தக் கணவரை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் மூர்க்கராக இருந்திருக்க மாட்டார். மனைவி மீது அன்பில்லாமல் நள்ளிரவில் ஓடி வந்திருக்கவும் மாட்டார். மார்க்கத்தையும் மானத்தையும் பேணுவதாகவே எண்ணியிருப்பார். உயிருக்கு ஆபத்தான வேளையில் மார்க்கம் எவ்வளவு வழிவிடுகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லவும் யாரும் இருந்திருக்கவில்லை போலும். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எண்ணியபோது நெஞ்சு உலர்ந்தது.

அடுப்படியிலிருந்து என் துணைவியாரின் குரல் வந்தது. "கடைக்குட்டி பொறந்த ராத்திரி ஞாபகம் இருக்காங்க?" எப்படி மறக்கும்? இரவு இரண்டு மணி. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று, "பெண் மருத்துவர்தானே பார்ப்பார்?" என்று மூன்று பேரிடம் கேட்டவன் நான். பெண் மருத்துவரும் இருந்தார், அவருடன் இரவுப் பணியில் ஒரு செவிலியும் இருந்தார். பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் முதன்முதலாகக் கொடுத்தவர் அந்தச் செவிலிதான். ஐந்து நேரத் தொழுகையிலும் அப்பெண்ணுக்காகத் துஆச் செய்வதாக அன்று சொன்னேன். பல நாள் செய்யவும் செய்தேன். "அந்தப் பொண்ணையும் ஒரு அத்தா நைட் டூட்டிக்கு அனுப்பினாருல்ல?" என்றார் துணைவியார். அதன்பின் பாத்திரம் துலக்கும் ஓசை மட்டும் கேட்டது.

நடுவுள்ளவள் விடவில்லை. கந்தக் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைக் கவனித்துக்கொள்ள, மஸ்ஜிதுன் நபவீயில் கூடாரம் அமைத்திருந்த ருஃபைதா (ரலி) அவர்களைப் பற்றி மத்ரஸாவில் பாடம் நடத்துவது யார் என்று கேட்டாள். நடத்துவது நான்தான். ஆண்டுதோறும் நடத்துகிறேன், கேட்கும் மாணவர்கள் 'ஸுப்ஹானல்லாஹ்' என்பார்கள், மணி அடித்துவிடும்.

அடுத்த நாள் காலை ஃபஜ்ரு முடிந்து பேருந்து நிலையம் வரை நடந்தேன். ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளின் வண்டிகள் சுற்றுவட்ட ஊர்ப் பெண்களை ஏற்றிச் செல்ல வரும் நேரம். அத்தொழிற்சாலைகளில் பெண்களே மிகுதி. கையில் சோற்றுப் பாத்திரம், தலையில் ஈரம் காயாத கூந்தல், சிலர் புர்காவில், சிலர் சேலையில். எல்லாரும் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பல்லாண்டுகளாக நான் கண்டும் காணாத காட்சி அது. வறுமையின் பொருட்டு மகள் விடியலில் வண்டி ஏறினால் 'பாவம்' என்கிறோம். கல்வியின் பொருட்டு ஏறினால் மட்டும் 'எதற்கு?' என்கிறோம்.

கேரளத்துப் பத்தனம்திட்டையில் மீரா சாகிப் என்னும் அரசு ஊழியர் ஒருவர் இருந்தார். மகள் வேதியியலில் மேற்படிப்புக்குப் போக எண்ணியபோது, சட்டம் படி என்று திருப்பியவர் அவர். அம்மகள்தான் 1989 இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான ஃபாத்திமா பீவி அவர்கள். 1997 முதல் 2001 வரை நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். மத்ரஸா மாணவனாக இருந்த அந்நாள்களில், ஆளுநரின் பெயரைச் செய்தித்தாளில் பார்த்து நாங்கள் பூரித்ததுண்டு. மீரா சாகிபின் பெயரைத் தேடிப் படித்தது மிகப் பிற்பாடு. அவர் மகளைத் தூண்டிவிட்டார். என்னை மூன்று மகள்களும் அவர்களின் தாயும் சேர்ந்து தள்ளிவிட வேண்டியிருந்தது.

பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வந்து, "விண்ணப்பத்தை எடுத்து வா" என்றேன். அவள் அதனை முன்பே நிரப்பி வைத்திருந்தாள். பெற்றோர் கையொப்பம் இடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

அல்ஹம்துலில்லாஹ், கலந்தாய்வில் இடம் கிடைத்தது. வேலூரிலேயே, வீட்டிலிருந்து சென்று வர வசதியான கல்லூரி. வரனைப் பற்றிப் பேசிய உறவினரிடம், படிப்பு முடியட்டும் என்று சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். அந்தப் பையன் இப்போது மூன்றாவதாக ஒரு நாட்டில் இருப்பதாகக் கேள்வி.

முதல் நாள் நானும் உடன் சென்றேன். இரண்டாம் நாளும் செல்வதாக இருந்தேன். "அத்தா, கிளாஸ்ல நீங்க எங்க உட்காருவீங்க?" என்று கேட்டு நிறுத்திவிட்டாள். ஆகவே மாலையில் அவள் வரும் நேரத்துக்குப் பேருந்து நிலையத்தில் போய் நிற்கலானேன். சும்மா நின்றால் காவல் காப்பதுபோல் தெரியும் என்று, நிலையத்தை ஒட்டிய கடையில் வாழைப்பழம் வாங்குவதாக ஒரு காரணத்தை வைத்துக்கொண்டேன். முதல் வாரம் கடைக்காரர், "எத்தனை, ஹஜ்ரத்?" என்று கேட்டார். இரண்டாம் வாரம், பேருந்து அணைக்கட்டைத் தாண்டிவிட்டதாம் என்று அவரே விசாரித்துச் சொன்னார். வீட்டில் பழம் குவிந்தது. குர்பானிக்கு வாங்கிய ஆடு இருந்திருந்தாலாவது தின்றிருக்கும் என்றாள் கடைக்குட்டி. அவளுக்கு அந்த ஆட்டின் நினைவு இன்னும் போகவில்லை.

மழை பெய்த ஒருநாள் பேருந்து முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. உத்திரகாவேரியில் தண்ணீர் வருகிறது என்று எல்லாரும் பார்க்கப் போயிருந்தனர். நான் போகவில்லை. கடைசியில் விளக்கு தெரிந்தது. மூத்தவள் முதுகில் பையும் கையில் நனைந்த குடையுமாக இறங்கினாள். என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து, "அத்தா, இன்னைக்கும் பழமா?" என்றாள். கடைக்காரர் உள்ளிருந்து, "நாளைக்குக் கொய்யா வருதும்மா" என்றார்.